வெள்ளையாக வந்த வடிதாள்

வியாழக்கிழமை ஆய்வுகூடத்தில் அந்த ஏரித் தண்ணீரை வடித்தேன். வடிதாள் வெள்ளையாகவே வந்தது. இந்தக் கோடையில் அது பாசியால் பச்சை பிடித்திருக்க வேண்டும். நீ இருக்கிற நினைப்பில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

நீ இருந்த அந்தக் கோடையிலும் இப்படித்தான். ஸ்ட்ரோபெரித் தோட்டங்களுக்குக் கீழே உள்ள ஏரிக்கரையில் எங்கள் கோயில் ஆட்களின் கோடை ஒன்றுகூடல். பிள்ளைகள் நீச்சலுடுப்போடு துள்ளினார்கள். தண்ணீர் அடி தெரியத் தெளிந்திருந்தது. மதுரைக்காரி நீ, அங்கே என்னைத் தவிர யாரையும் தெரியாதவள், வழியை மறித்துக் கையை விரித்துக்கொண்டு நின்றாய்.

"உன்ரை சிநேகிதிக்கு விசரோ? தண்ணி பளிங்கு மாதிரிக் கிடக்கு!" என்று என்னிடம் கத்தினார் அண்ணா. ஒன்றுகூடலை நடத்துபவர் அவர்தான்.

"அதாங்க பயமா இருக்கு," என்றாய் நீ. "தோட்டத்துல அடிச்ச களைக்கொல்லி மழையில இறங்கிருச்சு. பச்சைப்பாசி செத்துப்போச்சு, அதான் தெளிஞ்சிருக்கு. அது தின்னுட்டிருந்த உரம் அப்படியே கெடக்கு. மருந்துக்கு அசராத நீலப்பச்சைப் பாசிக்கு இனி விருந்துதான். அதுல விஷமும் இருக்கும்."

பிள்ளைகள் அழுதார்கள். அண்ணா உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த கிழமையே ஏரி பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் ஆனது. அதைக் குடித்த நாய் ஒன்று கரையிலேயே செத்துக் கிடந்தது. அண்ணா எனக்குப் போன் எடுத்தார்: "அவவை ஒருக்கால் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா." ஹொல்ம்லியாப் புறநகரில் அவர் வீட்டு மேசையில் புட்டைக் கண்டதும், "இதுக்குச் சர்க்கரை இல்லையா?" என்று கேட்டாயே! அண்ணா விழுந்து விழுந்து சிரித்து, இறைச்சிக் கறியை உன் பக்கம் தள்ளினார். அதன்பின் உன் சொல்லுக்கு அவரிடம் மறுசொல் இருந்ததில்லை.

பாழாய்ப்போன நோய் உன்னை ஏன் இவ்வளவு அவசரமாகக் கொண்டுபோனது?

வெள்ளிக்கிழமை நான் அண்ணாவிடம் போனில் சொன்னேன், மறுநாள் ஒன்றுகூடலில் எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று.

"தண்ணி ரிப்போர்ட் வந்திட்டுதோ?"

"இல்லை. திங்கள்தான் வரும்."

"அவ சொன்னால் கேப்பன். நீ அவ இல்லையே."

சுருக்கென்று தைத்தது. உனக்கும் அன்று ரிப்போர்ட் இருக்கவில்லை. நுணுக்குக்காட்டியில் நீ கண்டதைத்தான் நானும் கண்டேன்: பாசிகள் வெளிறி வெறும் கோதாகக் கிடந்தன, அவற்றுக்கிடையே நீலப்பச்சை இழைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஆனாலும் நான் சொல்வது பிழைத்தால் இனி எவரும் என்னை நம்பமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்து, ஒரு பிள்ளை அந்தத் தண்ணீரை விழுங்கிவிட்டால்?

நேற்று நானும் வழியை மறித்து நின்றேன். உன்னைப்போல் எனக்குச் சத்தம் வராது. என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணாவின் மகள் முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மாமி, தண்ணி வடிவாத்தானே கிடக்கு?"

"ஓம் செல்லம், வடிவாத்தான் கிடக்கு. வெளியிலை வா."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். அன்று நீ விரித்ததுபோல் விரித்த கைகளை நான் இறக்கவேயில்லை. இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"மாமி சொல்லுறா எல்லே? எல்லாரும் வெளியிலை வாங்கோ!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். என்ன வருமோ, பயமாகவே இருக்கிறது. நீ அந்த வழியில் நின்றபோது உனக்கும் இதே பயம் இருந்திருக்கும், நான்தான் கேட்கவேயில்லை.