உறைக்கு ஓர் உறை கேட்ட தம்பிக்கு

நிலமே தேராகவும், ஞாயிறும் திங்களும் அதன் இரண்டு ஆழிகளாகவும் அமைய, அதன்மேல் ஏறி நின்று உலகுக்கு அருள்செய்த முக்கண் முதல்வனின் திருவடி நிழல் எங்கும் படர்க.

வெண்ணாவல் நாட்டின் முடியும் செங்கோலும் தாங்கி, நீர்மருதைப் பெருநகரில் அரியணை வீற்றிருக்கும் பெருங்கோதை நாச்சியாராகிய யாம், குன்றுசூழ் தென்புலமாம் குறும்பொறை நாட்டின் காவலரும், பதினேழு அருவிகளுக்கு உரியவரும், குதிரையின் கண்ணை நோக்கியே அதன் நோயறிபவரும், எமக்குப் பின் பிறந்தவருமாகிய இளங்கொற்ற வேளுக்கு விடுக்கும் ஓலை. உம் மலைகளில் மழை பொய்யாதிருக்க. உம் ஏரிகள் கரை தளும்புக. உம் தேரின்மேல் ஒரு துளித் தூசும் படியாதிருக்க.

மூன்றாம் வாழ்த்தைக் கண்டு நீர் முகம் மலர்ந்திருப்பீர். முதல் இரண்டையும் இன்னொரு முறை படித்தருள்க.

நீர் விடுத்த ஐந்து ஏடுகளும் எம் கைக்கு வந்தன. முடிசூட்டு நாளில் யாம் உமக்கு அளித்த பொற்றேருக்கு நீர் தைப்பித்த உறையின் சிறப்பை அவற்றுள் நான்கு ஏடுகள் பாடின. மெருகு கீறாதபடி உள்ளே பூப்போன்ற பருத்தித் துணி. வெம்மை இறங்காதபடி நடுவே ஆட்டுமயிர்க் கம்பளி. மழை வழிந்தோடும்படி வெளியே மெழுகூட்டிய தடித்த துணி. காற்றுத் தூக்கிப் படபடக்க விடாதபடி அடிவிளிம்பைச் சுற்றி நாற்பது கயிறு, அவற்றைக் கட்ட நிலத்தில் அறைந்த நாற்பது முளை. பெண்ணுக்குக் கூறைச்சேலை எடுக்கப் போனவர்கூட இத்துணை நுணுக்கம் பார்த்து யாம் கண்டதில்லை.

ஐந்தாம் ஏடு ஒரு விண்ணப்பம். வாயிற்புன்னையில் வாழும் காக்கைகள் உறையின் அருமை அறியாமல் அதன்மேல் எச்சமிடுகின்றன என்றும், ஆதலின் உறை கெடாதிருக்க அதன்மேல் போர்த்த மற்றோர் உறை வேண்டும் என்றும், அதற்கு அரண்மனைக் கருவூலத்துச் செம்பட்டில் பன்னிரண்டு முழம் அருள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அப்பட்டின்மேலும் காக்கை அமர்ந்தால் பின் எதைப் போர்த்துவது என்று நீர் எழுதவில்லை. ஏட்டில் இடம் முடிந்திருக்கும். ஏனெனில் அதன் கடைசி விளிம்பில், இருபது நாட்களாக முறையிட ஒருவரும் வரவில்லை, நம் ஆட்சியில் குறையே ஒழிந்தது என்று எறும்புபோல் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது.

குறை ஒழிந்த நாட்டைக் காணும் பேறு தேவர்க்கும் அரிது. ஆகவே அவ்வோலையைக் கொணர்ந்த எம் தூதர் அத்தியனாரை அழைத்து, அவர் கண்டவற்றைக் கேட்டோம்.

போர்த்துவது பிழையென்று யாம் சொல்ல வரவில்லை. தேர் வாயிலின் முன் வெட்டவெளியில் நிற்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்தது. அங்கே வெயிலில் அரக்கு மெருகு பொரியும். புன்னைப் பிசின் பொற்றகட்டில் ஒட்டும். பனி அச்சில் துருவேற்றும். ஆனால் அது ஏன் வெளியே நிற்கிறது என்பதையும் அவர்களே வகுத்தார்கள். தேர் திறந்திருந்தால் வேந்தன் முறை கேட்கிறான், எளியோரும் உள்ளே வரலாம். தேர் போர்த்தியிருந்தால் வேந்தன் துயில்கிறான் அல்லது ஊரில் இல்லை, எவரும் உள்ளே வரலாகாது. எழுத்தறியாதவரும் தொலைவிலிருந்தே கண்டு கொள்ளட்டும் என்று வைத்த அடையாளம் அது. மாலையில் போர்த்துவார்கள், காலையில் எடுப்பார்கள். நீர் போர்த்தினீர், தம்பியாரே. எடுப்பதைத்தான் மறந்தீர்.

எம் தூதரும் வாயிலைக் கடக்கவில்லை. உறை கட்டியிருந்தமையால் இரண்டு நாள் புன்னையின் கீழே அமர்ந்திருந்து, உம் ஓலையை வாயிற்காவலன் கையிலிருந்தே பெற்று மீண்டார். அந்த இரண்டு நாளில் அவர் கேட்டதைக் கேட்டபடியே வரையச் சொன்னோம்.

கீழைப்பற்று என்னும் சிற்றூரின் உழவாட்டி சேந்தி என்பாள் விடியலில் வந்து, "என்னய்யா, தேரு இன்னும் எந்திரிக்கலையா?" என்று வினவினாளாம். காவலன், "மெல்லப் பேசு ஆத்தா. பனி விழுந்து துணியெல்லாம் ஈரமாக் கெடக்கு. காஞ்சதும் எடுப்போம்" என்றானாம். உச்சிப்பொழுதில் மீண்டும் கேட்டாள். "இந்த வெயில்ல எடுத்தா மெருகு பொரிஞ்சிடும், எசமான் என்னை உரிச்சிடுவாரு" என்றானாம். பொழுது சாய்ந்தபின் கேட்டதற்கு, "இனிமே எடுத்து எதுக்கு? திரும்ப மூடத்தானே போறோம்!" என்றானாம். காவலன்மேல் குற்றமில்லை. அவன் சொன்ன மூன்றும் உம் நான்கு ஏடுகளில் உள்ளவையே.

அப்போது சேந்தி, "அப்ப எங்க நாத்துக்கும் இதே மாதிரி ஒரு போர்வை தைச்சுக் குடுங்கய்யா. தண்ணியில்லாட்டியும் வாடாம நிக்கட்டும்" என்றாளாம். அங்கிருந்தோர் சிரித்தனர். காவலனும் சிரித்து, பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டானாம்.

அவள் குறை இது: மேலைப்பற்றுக் கிழவன் ஏரிமதகைத் தன் பக்கம் திருப்பி அடைத்துவிட்டான். வழக்கில் நிற்கும் மதகை வேளின் சொல்லின்றி எவரும் தொடலாகாது என்பது உம் நாட்டு முறை. அதனை மீறாமல் அவள் இருபத்து மூன்று நாள் வாயிலுக்கு வந்து திரும்பினாள். கீழைப்பற்றில் முப்பது வீடு. முப்பது வீட்டுக்கும் ஒரே நாற்றங்கால். இவ்வோலை உம்மை எட்டும் நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தண்ணீர் பாயாவிடில் இவ்வாண்டு அங்கே நடவில்லை. இரண்டாம் நாள் காலையில் அவள் ஒன்றும் கேளாமல், ஒரு பிடி நாற்றைக் கொணர்ந்து உம் உறையின் முளை ஒன்றில் கட்டிவிட்டுப் போனாளாம். நுனி மஞ்சளித்த அந்த நாற்றை இவ்வோலையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறோம். பட்டுக்கு மாற்றாக எம் கருவூலத்திலிருந்து உமக்கு வருவது அதுவே.

இன்னும் ஒன்று. உறைக்குள் ஏதோ முனகக் கேட்டு அத்தியனார் மூன்று கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தலையை நீட்டினார். உம் ஆசனத்து மெத்தையின்மேல் ஒரு பூனை நான்கு குட்டி ஈன்று, அவருக்குக் காட்சி தந்தருளியது. குறும்பொறை நாட்டில் இருபத்து மூன்று நாளாக அரசிருக்கையை அணுகப் பெற்ற ஒரே குடி அதுவே. அதன் தலைக்கு மேலே பொற்றாமரை இதழ்களில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்ததாம். உம் மூன்று அடுக்கும் மழையை உள்ளே விடவில்லை, மெய்தான்; உள்ளிருந்த ஈரத்தையும் வெளியே விடவில்லை. ஞாயிற்றின் தேருக்கும் முகில் போர்வை உண்டு. ஆயினும் மழை பெய்து முடிந்ததும் இறைவன் அதனை விலக்கி விடுகிறான். கதிரின் மெருகு குறைந்ததாக இன்றுவரை எவரும் முறையிட்டதில்லை.

இதுகாறும் அரசி சொன்னாள். இனிவரும் சில வரிகளைத் தமக்கை சொல்கிறாள். எழுதுவோன் கேளாதவன்போல் எழுதுகிறான்.

கொற்றா, உனக்கு ஐந்து வயதிருக்கும். கூதிர்க்காலம். உன் சிறுதேருக்குக் குளிரும் என்று சொல்லி உண்ண மறுத்து அழுதாய். அன்றுதான் முதன்முதலாக உடுத்தியிருந்த நீலப்பட்டின் முந்தியைக் கிழித்து உனக்குத் தந்தேன். தேரைப் போர்த்தி அணைத்துக்கொண்டு நீ உறங்கினாய். அன்னையிடம் அடி வாங்கியவள் யாரென்று உனக்கு நினைவிருக்கும். உன்னை நான் அறிவேன். தென்புலத்தை யாருக்குத் தருவது என்று அவையோர் கேட்டபோது அந்தக் கூதிர்க்காலத்தை நினைத்தே உன் பெயரைச் சொன்னேன். மரத்தேருக்குக் குளிரும் என்று அழுத பிள்ளைக்கு நாற்றின் தாகம் தெரியாமல் போகாது. உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவளை உன் உறை உள்ளே விடவில்லை. அவ்வளவே.

இனி ஆணை.

ஓலை கண்ட அந்நாழிகையே, நாற்பது கயிற்றையும் வேள் தம் கையாலேயே அவிழ்க்க. பூனையையும் குட்டிகளையும் பஞ்சிட்ட கூடையில் வைத்து, குதிரைக் கொட்டிலின் வெயில் படாத மூலைக்கு மாற்றுக. குட்டி ஒன்று குறைந்தாலும் அத்தியனார் எமக்கு உரைப்பார். பூஞ்சணத்தை மென்துணியால் துடைத்து, தேரைக் காற்றாட நிறுத்துக. ஆனால் மெருகிடக் காத்திராமல் அன்றே குதிரை பூட்டிக் கீழைப்பற்றுக்குச் செல்க. மதகின் கரையில் இருவர் வழக்கையும் கேட்டு, பொழுது சாயுமுன் தீர்ப்புரைத்து, தண்ணீர் வாய்க்காலில் இறங்குவதை நின்று காண்க.

உறையை வீணாக்க வேண்டா. காலைதோறும் அதனைத் தேரிலிருந்து எடுத்து, வாயிலின் முன் நட்ட கழிகளில் அதன் நாற்பது கயிற்றாலேயே இழுத்துக் கட்டி, முறையிட வருவோருக்கு நிழலாக்குக. மாலையில் அவர்கள் சென்றபின் இறக்கித் தேரைப் போர்த்துக. பகலில் அவர்களுக்கு, இரவில் தேருக்கு. காக்கை எச்சம் இருதிறத்தார்க்கும் பொது.

மறுமொழியாக ஏடு எழுத வேண்டா. நீர் ஐந்து எழுதுவீர், யாம் அறிவோம். கீழைப்பற்று வயலில் உம் தேராழியில் ஒட்டிய சேற்றில் ஒரு கட்டியை எடுத்து, ஓலைக்குழலில் இட்டு விடுக்க. உம் இலச்சினையாக அதனையே ஏற்போம்.

எம் வாய்மொழி இது. வழுவின்றி எழுதியவன் ஓலைக்கணக்கன் மாங்குடியன். ஆம்பல் இலச்சினை எம் கையால் இட்டோம். நாற்றின் வேர் நனைந்திருக்கும்படி ஈரத்துணி சுற்றியுள்ளோம். முதலில் அதனைப் பிரிக்க.