கம்பம் நட்ட பிறகு காலி செய்வது எப்படி

மார்ச் 6, வியாழன்

காலையில் போன கரண்ட் மதியம்தான் வந்தது. வந்ததும் எட்டாம் தறியில் பாவு நூல் அறுந்தது. என் வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சுதாம் வரட்டும்" என்று சொல்லி டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். பள்ளிபாளையத்தில் பிறந்து, தறிச் சத்தத்திலேயே வளர்ந்த மனுஷன். அறுந்த இழைக்கு முடிச்சுப் போட ஒடிசாவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

சுதாம் வந்து முடிச்சுப் போட்டான். அவன் பெண்டாட்டி சபிதா பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே என்னோடு சண்டைக்கு வந்தாள். "அக்கா, மோட்டார எப்பத்தான் போடுவீங்க? தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லீங்க." எங்கள் பின்கட்டு வீட்டுக்கு இரண்டு பேரும் குடிவந்து ஐந்து வருஷம். வந்த புதிதில் தலையை மட்டும் ஆட்டுவாள். இப்போது அவளிடம் பேசி ஜெயிக்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீதிக் கூட்டம். கோவில் முன்னால் நாற்காலி போட்டு ஆண்கள். ஓரமாக நின்று நாங்கள். பின்வீதியில் வடக்கத்திப் பையன்கள் குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்களாம். நம் ஆட்கள் சனிக்கிழமை ராத்திரி மோர் குடித்துவிட்டா அடித்துக்கொள்கிறார்கள்?

மாரியம்மன் நோம்பித் திருவிழாக் கமிட்டித் தலைவர் சின்னண்ணன் மாமா எழுந்து, "இனி வெளியூர்க்காரங்களுக்கு யாரும் ஊடு விடக்கூடாதுங்க. இருக்கறவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரோணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

வெளியூர்க்காரர்! சின்னண்ணன் மாமாவின் அப்பா மழை பொய்த்து தம்மம்பட்டியிலிருந்து கூலிக்கு வந்தவர். என் மாமனார் திருச்செங்கோட்டுப் பக்கம் மேட்டாங்காட்டைப் போட்டுவிட்டு, ஜோடி மாட்டை விற்று இரண்டு தறி வாங்கினவர். எங்களுக்கு முன்னால் இந்த வீதியில் நெய்தவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள், அடுத்த வீதியில் கன்னடம். காகித ஆலைக்கென்று வந்தவர்கள் வேறு. சரி, காவிரியாவது சொந்த ஊர்க்காரி என்று பார்த்தால் அவளும் குடகிலிருந்து வருகிறாள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். "நீ எல்லாத்துக்கும் கணக்குப் பேசுவே" என்று டிவியைப் போட்டார். தறி நின்றுவிடுமே என்று எனக்குக் கவலை என நினைக்கிறார். அது பாதிதான். சபிதா போய்விட்டால் நான் பகலெல்லாம் யாரோடு பேசுவேன்? இவரோடா?

மார்ச் 10

இவர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சுதாம் "சரிங்க முதலாளி" என்றானாம். சபிதா இன்றைக்குச் சண்டைக்கே வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாயிற்று. வேப்பங்கொம்பை மஞ்சள் பூசி நட்டு, மேளம் அடித்து, பையன்கள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். இன்று ராத்திரி ஊருக்குள் படுத்தவர்கள் கம்பத்தைப் பிடுங்கும் வரை வேறு எங்கேயும் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய வந்துவிட வேண்டும். மீறினால் ஊருக்கே அம்மை வரும் என்பார்கள். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கே இப்படித்தான் ஒரு தரம் மண்டபத்திலிருந்து பாதியில் ஓடிவந்தேன்.

மார்ச் 24, திங்கள்

விடிகாலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும் வழியில் சபிதா கேட்டாள். அவள் குடத்திலும் மஞ்சள், வேப்பிலை. ஐந்து வருஷமாக எங்களோடு ஊற்றுகிறாள்.

"அக்கா, மாசக் கடைசியில காலி பண்ணோணும். கம்பம் புடுங்கறது ரெண்டாந்தேதி. நடுவுல நாங்க எங்கீங்க போய்ப் படுக்கறது?"

நடுரோட்டில் நின்றுவிட்டேன். நாற்காலி போட்டுத் தீர்மானம் போட்டவர்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியதா? நோம்பித் தேதி குறித்ததும் இவர்கள்தான், காலி செய்யத் தேதி குறித்ததும் இவர்கள்தான். இடுப்பில் குடத்தோடு நேராக சின்னண்ணன் மாமா வீட்டுக்குப் போனேன்.

"கம்பம் நட்ட அன்னைக்கி அவங்க இங்கதானுங்க மாமா படுத்தாங்க. இப்ப அனுப்பி, ஊருக்கு அம்மை வந்துச்சுன்னா நீங்க பொறுப்பா?"

டீயைக் கீழே வைத்துவிட்டார். "அம்மிணி, இத ஏன் முன்னாலயே சொல்லுல?"

என்னிடம் யார் கேட்டார்கள்? ஓரமாக நிற்க அல்லவா சொன்னார்கள்.

மார்ச் 25

கம்பம் பிடுங்கும் வரை யாரும் காலி செய்ய வேண்டாம் என்று வீதி முழுக்க ஆள் விட்டுச் சொன்னார்கள். அவ்வளவு அவசரம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மறுபடியும் கூட்டம். இவர் வந்து சொன்னார்: தீர்மானத்தையே கைவிட்டார்களாம். நோம்பிக்கு இடையில் யோசித்துப் பார்த்ததில் பாதித் தறிக்கு ஆள் இருக்காது என்று இப்போதுதான் உறைத்திருக்கிறது. போகட்டும், எப்படியோ. உடனே போய்ச் சபிதாவிடம் சொல்ல எழுந்தேன். "மாவெளக்குக்கு மாவு இடிக்கோணும், நீ அதப் பாரு. நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டோம். மஞ்சள் நீராட்டு. சபிதா ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை என் தலையோடு கவிழ்த்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். கண் சிவந்திருந்தது. மஞ்சள் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஒரே அலுப்பு. படுக்கப் போகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

போய்விட்டார்கள்.

நான் எழுவதற்கு முன்னாலேயே ஆட்டோ வந்திருக்கிறது. சாவியை இவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவர் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார்!

"போக வேண்டாம்னு நீங்க சொல்லலையா?"

"அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஊரெல்லாம் பேசிக்கிட்டாங்கல்ல."

"சாவி குடுக்கறப்பவாச்சும் சொல்லக்கூடாதுங்களா?"

"பொறப்பட்டு வாசல்ல நிக்கறவங்களப் போகாதீங்கன்னு எப்படிச் சொல்றது? வழி மறிச்ச மாதிரி ஆவாதா?"

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்ன செய்வது நான்? சகுனம், சாங்கியம் பார்க்கிற நேரமா அது? கம்பம் பிடுங்கும் வரை என்று சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பெண் அதுவரை இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 5

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள் அல்லவா. நானும் கூப்பிட மாட்டேன்.

ஏப்ரல் 6

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

பன்னிரண்டு தறியில் நாலு ஓடுகிறது. இவரே தறி போடுகிறார். குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை எகிறி முழங்கையில் அடித்துவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டேன். இரக்கப்படவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம்தான் பட்டேன்.

மே 8, வியாழன்

சின்னண்ணன் மாமா வந்தார். உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். கடைசியில், "அம்மிணி, அந்தப் புள்ளைகிட்ட நீயே ஒரு வார்த்த பேசிப் பாரேன். அவங்க ஊர்லிருந்து நாலு குடும்பத்தக் கூட்டிக்கிட்டு வந்தாக்கூட ஊடு குடுத்தறலாம்" என்றார். இவர் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் அழுதாள், நானும்தான். இரண்டு ஆண்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோனில் இருக்கிறார்களாம். அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்தால் கிளம்பவே மாட்டோம் என்றுதான் வரவில்லையாம். தீர்மானத்தைக் கைவிட்டதையும் இவர் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"உடனே பொறப்பட்டு வா சபிதா. ஊடு அப்படியேதான் கெடக்குது."

"இங்கயும் செவ்வாக்கெழம கம்பம் நட்டுட்டாங்க அக்கா. எங்களையும் தண்ணி ஊத்த வரச் சொன்னாங்க. இப்ப எப்படீங்க வரது?"

"சரி, நோம்பி முடிஞ்சதும் வாரியா?"

"பாக்கலாமுங்க அக்கா."

இல்லை என்பதை இந்த ஊரில் நாங்கள் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. பாக்கலாமுங்க என்போம். கேட்டவர்களும் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

"என்ன சொன்னா?" என்றார் இவர்.

"பாக்கலாம்னு சொன்னா."

சின்னண்ணன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இவர் தறியைப் போடப் போனார்.