மான்கொம்புக்கு வைத்த சொம்பு

14-3-1974
என் வீட்டுக்காரரின் அக்கா, அஞ்சம்மா அண்ணிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலு நாளாகிறது. புதுச்சேரி பங்களாவில் தோட்டம் பெருக்கியபோது அவர் கேட்டு வாங்கி வந்த, பலகையில் ஒட்டிக் கொம்பு கொம்பாக இலை விடும் மான்கொம்புச் செடி வேப்பமரத்தில் துவண்டு தொங்குகிறது. இன்று நல்ல தண்ணீர் ஊற்றினேன். இன்றைக்கு.

15-3
எழுதிவிடுகிறேன். எங்கள் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் ஒரு மைல் சுமக்க வேண்டும். அதில் தினம் ஒரு சொம்பு செடிக்கு. “என் இடுப்பு ஒடியுது, அதுக்கு மான்கொம்பு ஒரு கேடா” என்று பொங்கலன்று சண்டை போட்டேன். அப்புறம் அந்தச் சொம்பில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைத்தேன். தை முழுக்க. ஊற்றியது அண்ணிதான், தெரியாமல்.

19-3
வருசா வருசம் உப்பளத்துப் பாத்தியில் முதல் உப்பை அண்ணிதான் வாருவார். கைராசி என்பார்கள். இந்த வருசம், “வேணாம்பா, புருசனும் தங்கல, செடியும் தங்கல, இந்தக் கை வேணாம்” என்று விலகிவிட்டார். பக்கத்தில்தானே நின்றேன். வாயைத் திறந்தேனா? அதிலிருந்து பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

2-4
பலகையோடு ஒட்டிய வட்ட இலை பழுப்பாகக் காய்ந்திருந்தது. செத்தது என்று பிய்த்தேன். அடியில் ஈரமாக வேர்.

8-4
பங்களாவுக்குப் போய்த் தோட்டக்காரர் பஞ்சநாதனைக் கேட்டேன்.
“அத ஏம்மா பிச்ச? காஞ்சாலும் அதான் வேரை மூடிக் காப்பாத்துது. உப்புத் தண்ணி கிண்ணி பட்டுச்சா?”
“தெரியாதுங்க.”
அங்கேயும் பொய்.
“நல்ல தண்ணியில பலகையோட முக்கி முக்கி எடு. நெழல்ல மாட்டு. அஞ்சம்மா ஏன் வர்ல?”
சொன்னேன். தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்.

30-4
செடிக்கென்று கூட ஒரு குடம் சுமக்கிறேன். இடுப்பு வலிக்கட்டும்.

17-6
வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல ஒரு குருத்து. எதிர்வீட்டு மங்கம்மா பார்த்துவிட்டு, “அஞ்சம்மா கையில அவிஞ்சது உன் கையில துளுக்குது பாரு. வர்ற வருசம் மொத உப்பு நீதான்டி” என்றாள். சிரித்து வைத்தேன்.

18-6
வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். “எங்கக்கா சாகுற வரைக்கும் அழுதுச்சே” என்றார். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

3-9
இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறார். செடியில் நாலு கொம்பு.

12-2-1975
முதல் உப்பு. மங்கம்மா வாரும் கட்டையை என்னிடம் நீட்டினாள். வாங்கவில்லை. “அண்ணி கையில ஒரு தப்பும் இல்ல. அவங்க சொம்புல உப்புத் தண்ணி வெச்சவ நான்” என்றேன், எல்லோரும் கேட்க. கட்டை பக்கத்துப் பாத்தி ஜெயாவிடம் போனது.
மத்தியானம் யாரும் என்னைக் கஞ்சிக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குடித்துவிட்டுக் கஞ்சித் தூக்கை என் பக்கம் தள்ளினார். பாதி இருந்தது.