பெரிய பாதி முன்னாடி

என் பிரியமான அண்ணனுக்கு,

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாமல் உன்னிடம் வந்திருக்கிறேன்.

குறைமாதக் குழந்தைகளுக்கென்று கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு நீ செய்து கொடுத்த சூட்டுப் பெட்டியில் சிப் செத்துவிட்டது. மெட்ராஸில் கிடைத்தது வேறு கம்பெனி சிப். பழைய சிப்பின் கட்டளை எதுவும் அதற்குப் புரியாது. நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற கட்டளையாக மாற்றும் உன் கம்பைலருக்குத்தான் புதுப் பாஷை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மூல நிரலையே ஃப்ளாப்பியில் கொடுத்தாயே, அவர்களும் ஆளுக்கொரு சிப்புக்கு அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள், தெரியுமா?

"பூண்டிக்காரப் பொண்ணு பிள்ளையப் பஞ்சுல சுத்தி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும்மா. வெரசா முடிச்சுத் தாங்க" என்று நர்ஸம்மா ஆள்மேல் ஆள் அனுப்பினார். அவசர அவசரமாக முடித்தேன்.

இன்று காலை குழந்தைக்குப் பதில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு டிகிரியில் ஹீட்டர் அணைய வேண்டும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எல்லாம் உன் கெட்ட பழக்கத்தால் வந்த வினை, நிரலுக்கு நடுவே இங்கிலீஷ் எழுத்தில் அரைகுறையாகத் தமிழ்க் குறிப்பு எழுதுவது. உன் கம்பைலர் ஓர் எண்ணை இரண்டு பாதியாக, தட்டுமேல் தட்டு வைப்பதுபோல அடுக்கி வைக்கும். அதற்கு "பெரிய பாதி முன்னாடி" என்று எழுதியிருந்தாய். முன்னாடி, அதாவது முதலில், அடுக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னது எடுக்கும்போது மேலே, முன்னாடி இருக்க வேண்டும் என்று. முதலில் அடுக்கிய தட்டு அடியில்தானே போகும்? பாதிகள் இடம் மாறி, ஹீட்டர் அணைய வேண்டிய முப்பத்தேழு ஒன்பதாயிரத்து நானூற்று எழுபத்திரண்டாகிவிட்டது.

இரண்டு வரியை மாற்றினேன். மத்தியானத்திலிருந்து பெட்டி முப்பத்தேழிலேயே நிற்கிறது. ஆனால் உன் நிரலில் இன்னும் பதினொரு இடத்தில் 'முன்னாடி' இருக்கிறது அண்ணே. ஒவ்வொன்றிலும் எதை நினைத்து எழுதினாய்? நீ இல்லாமல் யாரைக் கேட்பேன்?

"நம்பிப் பிள்ளைய வைக்கலாம்லம்மா?" என்றார் நர்ஸம்மா.

"வைங்க சிஸ்டர். நானும் இங்கனதான் இருக்கேன்" என்றேன். பிளக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

இப்போது குழந்தை பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கை பிளக்கின் மேல், மறு கையால் இதை எழுதுகிறேன். அந்தப் பதினொன்றையும் சோதித்துத் தெளிவாக எழுதாமல் உன் கம்பைலரை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

எனக்கு முன்னாடி நீ போய்விட்டாய். அந்த 'முன்னாடி'யிலாவது எனக்குக் குழப்பமில்லை.

உனக்குப் பின்னாடி பிறந்த தங்கச்சி,
செல்வி