பின் இருக்கை வேண்டாம் என்று நீ போட்ட டிக்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் வயதுக்குரிய குறைகளோடு நன்றாகவே இருக்கிறோம். நீயும், உன் ஊசியைக் கண்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாலுகால் நோயாளிகளும் சுகம்தானே? நாற்பது வருடம் நூலகத்தில் அட்டவணை எழுதிய கை இது, எண் போடாமல் எதையும் சொல்ல வராது. இந்தக் கடிதத்தில் வருபவை:

1. புது வண்டிக்கு நீ தேர்ந்தெடுத்த எஞ்சின்.
2. நீ கேட்டிருக்கும் கூடுதல் சாமான்கள்.
3. பின் இருக்கை, அதாவது, நாங்கள் அங்கே வருவதை நீ விரும்பவில்லை என்பது.
4. வீட்டுச் செய்தி.

நீ அனுப்பிய ஆர்டர் படிவம் வியாழக்கிழமை வந்தது. ‘டிக் எல்லாம் போட்டாச்சுப்பா, ஷோரூம்ல குடுத்தா மட்டும் போதும்’ என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தாய். கொடுத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அதை என்னிடம் அனுப்பியிருக்கக் கூடாது. ஏழு பக்கம், இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். இன்று சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகு ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாதாம். உன்னைக் கேட்கலாமென்றால், நாளை நீ மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்தால்தான் உன் போனுக்கு உயிர் வரும். ஆகவே சந்தேகம் எதுவானாலும் நானே தீர்மானிக்க வேண்டிய நிலை. செருப்பு வாங்கப் போனால் எனக்குப் பிடித்த நிறம் எது என்று உன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறவன் நான்.

முதலில் எஞ்சின். இரண்டு வருடமாக உன் கடிதங்களில் மாடுகளுக்கு அடுத்தபடியாக அதிகம் இடம்பிடித்தது அந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். வனத்துறைக்காரர் வண்டியில் அது இருக்கிறது, செங்குத்து ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் போகிறது, நீ பின்னால் உன் பழைய வண்டியில் முதல் கியரில் முனகிக்கொண்டு வருகிறாய் என்று மூன்று பக்கம் எழுதினாய். ஒரு மகள் ஒரு மனிதனைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் பெற்றவர்கள் தேதி குறித்திருப்பார்கள். நீ எஞ்சினைப் பற்றி எழுதினாய், நாங்களும் பழகிக்கொண்டோம். இப்போது படிவத்தைத் திறந்தால் டிக் இருப்பது நான்கு சிலிண்டருக்கு நேரே, அதுவும் கையால் மாற்றும் கியரோடு. இருநூறு குதிரையை வாசலிலேயே நிறுத்திவிட்டு நூற்றிருபதை மட்டும் உள்ளே அழைக்கும் துறவு உனக்கு எப்போது வந்தது தாயே? சின்ன வயதில் ஆசையைக் குறைத்துக்கொள் என்று உனக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். நான் சொன்ன எதையும் கேட்காதவள், போயும் போயும் அதைக் கேட்டுத் தொலைத்தாயோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டாவது, கூடுதல் சாமான்கள். கூரைவரை போகும் காற்றுக்குழாய் ஒன்று. ஆற்றில் பானெட் முங்கினாலும் எஞ்சின் மூச்சுவிடுமாம். எஞ்சினுக்குச் சரி, ஓட்டுகிறவள் எதில் மூச்சுவிடுவாள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. முன்னால் ஒரு வின்ச். சேற்றில் புதைந்தால் எதிரே உள்ள மரத்தில் கம்பியைக் கட்டி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளுமாம். ‘இங்க ரோடு ஒண்ணும் மோசமில்லப்பா’ என்று மாதாமாதம் சொல்கிறாயே, அந்த ரோட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டாள். அழகுக்கு என்றேன். அவள் பார்த்த பார்வையை எழுத்தில் தர முடியாது. வண்டியின் அடிவயிற்றுக்கு ஓர் இரும்புத் தகடு, பாறை இடித்தால் தாங்குவதற்கு. அதுவும் அழகுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். ரேடியோ மட்டும் வேண்டாமாம். மாடுகள் பாடுவது போதும் போலிருக்கிறது.

மூன்றாவது. ‘பின் இருக்கை நீக்கப்பட வேண்டும்’ என்ற கட்டத்தில் நீ போட்ட டிக் மற்றதைவிட அழுத்தம். தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன், முதுகுப் பக்கம்வரை பதிந்திருக்கிறது. கன்றுக்குட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக இடம் வேண்டும், புரிகிறது. கன்றுக்குட்டி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும், அதன் உடல்நிலை அப்படி. உன்னைப் பெற்றவர்கள் வந்தால், கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர் அவர்கள் எப்படி வருவது? ஒருவர் உன் பக்கத்தில் உட்காரலாம். மற்றவருக்குக் கூரையில் மூட்டை கட்டும் கம்பி கேட்டிருக்கிறாய், மிக்க நன்றி. வராதீர்கள் என்று வாயால் சொல்ல மனம் வராமல், கம்பெனிக்காரனை விட்டு இருக்கையைக் கழற்றச் சொல்கிறாய். குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் எதையும் யாரிடமும் நேராகச் சொன்னவனில்லை.

இதுவரை விடியற்காலையில் எழுதியது. எழுதிய வேகத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து ஒரு காரியம் செய்தேன். உன் இரண்டு டிக்கையும் வெள்ளை மை வைத்து அழித்தேன். ஆறு சிலிண்டர் வேண்டும், பின் இருக்கை வேண்டும் என்று புது டிக் போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அங்கே கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, ‘சார், இது சேராதே. பெரிய எஞ்சின் போட்டா முன்னாடி பெஞ்ச் போயிடும்’ என்றார். எந்த பெஞ்ச் என்று கேட்டேன். நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முன் இருக்கை என்று ஒரு வரி. முன் இருக்கையில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கப்போகிறது என்று ஏழு பக்கத்தில் நான் தாண்டிப்போன ஒரே வரி. ‘மூவர் அமரும் நீள இருக்கை’ என்பதில் உன் டிக். பெரிய எஞ்சின் என்றால் அதன் கியர்ப்பெட்டி நடுவில் மேடு கட்டிக்கொள்ளுமாம், இருவர்தான் உட்கார முடியுமாம். சின்ன எஞ்சினுக்குத்தான் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் வரும், நடுவில் ஒரு ஆளுக்கு இடம் கிடைக்கும். ‘இதை யாரும் கேக்கறதே இல்ல சார். உங்க பொண்ணு ரெண்டு ஞாயித்துக்கிழமை போன் பண்ணாங்க. நடுவுல உக்காரறவங்களுக்கு முட்டி இடிக்குமா, பெல்ட் இருக்கா, வயசானவங்க ஏற படி வைப்பீங்களானு ஒரே கேள்வி’ என்றார்.

அம்மா ஷோரூமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். ‘போன தடவை பின் சீட்டுல மருந்துப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துட்டு, இனிமே செத்தாலும் பின்னாடி ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணது யாரு? அவ கேட்டுக்கிட்டுதான இருந்தா?’ என்றாள். நான் அதை மறந்துவிட்டேன் என்பது முழு உண்மையல்ல, அட்டவணையில் ஏற்றாமல் விட்டிருந்தேன். மூன்று பேரும் ஒரு கன்றுக்குட்டியுமாக இந்தச் சின்ன எஞ்சின் மலை ஏறுமா என்று விற்பனைக்காரரிடம் கேட்டேன். ‘ஏறும் சார், ஆனா மெதுவா’ என்றார். மெதுவாக என்றால் எனக்கு ஆட்சேபம் கிடையாது, நாலாவது கியரை நான் பார்த்ததே விளம்பரத்தில்தான். புதுப் படிவம் ஒன்று வாங்கி, உன் டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். எஞ்சின் வரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. வருடத்தில் பத்து நாள் வருகிறவர்களுக்காக மற்ற நாளெல்லாம் நீ முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். நல்ல அப்பா ஆறு சிலிண்டருக்கு டிக் போட்டுவிட்டு, வீட்டிலேயே இருந்துவிடுவார். நான் நான்கு சிலிண்டருக்குப் போட்டேன். பதினொன்று நாற்பதுக்குக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தாலும் இனி மாற்ற முடியாது, அந்த வகையில் எனக்கு நிம்மதி.

நான்காவது, வீட்டுச் செய்தி. மாடி வீட்டுப் பல் டாக்டர் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார், பகலில் கேட்கிற அலறல் அவருக்குப் போதவில்லை. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருபது வருடத்துத் தூசியும் இப்போது அவளுக்குத் தெரிகிறது, துடைப்பவன் நான். வண்டியில் நடுவில் தான்தான் உட்காருவாளாம். ‘உங்களை நடுவுல விட்டா, பயத்துல அவ கையைப் பிடிச்சுக்குவீங்க, அவ எப்படி கியர் போடுவா?’ என்கிறாள். ஜன்னலோரம் எனக்கு. அந்தப் பக்கம்தான் பள்ளத்தாக்கு என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

வண்டி வந்ததும் முதல் மழைக்கு முன் நான்கு டயரிலும் காற்று பார்த்துக்கொள். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வை. வேளைக்குச் சாப்பிடு. உன் கை பட்ட உயிர்கள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீயும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அடித்துவிட்டால் வரிசை எண் குழம்பும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜன்னலோரத்தில் உட்காரப்போகும்
உன் அப்பா