சுறா அணிக்கு வந்த புது ஜெர்சி

வெள்ளிக்கிழமை இரவு, ஷார்ஜா.

எங்கள் தொழிலாளர் கேம்ப் கால்பந்து அணிக்குச் 'சுறா' என்று பெயர் வைத்தவர் பழைய கோச் சகாயம் அண்ணன். சீசன் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் அவரைக் கோச் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று புதுக் கோச் 'ஃபால்கன்ஸ்' என்று அச்சடித்த ஜெர்சிகளோடு மைதானத்துக்கு வந்தார். கோல்கீப்பர் ஆன்டனி ஒன்றைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தான். அவர் அறைந்தார். இவன் கார்னர் கொடிக்கம்பைப் பிடுங்கி ஓங்கினான்.

"லேய், வேண்டாம் மக்கா!"

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்து, குறுக்கே பாய்ந்த சகாயம் அண்ணனின் மண்டை பிளந்தது. என் சட்டையெல்லாம் அவர் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் விசாரித்த போலீஸிடம், கோல்போஸ்டில் தானே முட்டிக்கொண்டதாகச் சொன்னார். பிறகு ஆன்டனியிடம், "வாய மூடிட்டு இருல. ஊருக்கு அனுப்பிப்போடுவானுவ" என்றார்.

ஆன்டனி எனக்கு மேல்கட்டில். சத்தம் வராமல் அழுகிறான். கட்டில் குலுங்குவதால் எழுத முடியவில்லை.