கடாரம் போன கப்பலும் கினிகத்தேனை பஸ்ஸும்

நீ தைத்த பாயில் யூரியா வாடை இன்னும் போகவில்லை.

நேற்று உன் அம்மா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருந்தார். நம் தோட்டத்து வரிசை வீடுகளை, நம் லயத்தை, இடிக்கப் போகிறார்கள். மேட்டுப் பக்கம் கட்டிய தனி வீடுகளுக்கு எல்லோரும் போய்விட்டார்கள், உன் அம்மா மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். "அவன் வந்தா இந்தக் காம்பராவத் தேடித்தானே வருவான்" என்பார். நேற்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். அட்டாலிப் பரணில் இருந்த சாமான்களை இறக்கும்போது அந்தச் சுருட்டு விழுந்தது. உரச்சாக்குகளைப் பிரித்து நம் நாடகத்துக்கு நீ தைத்த கப்பல் பாய். விரித்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. மழையைப் பார்க்கிறவன் மாதிரி நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த சோழர் கடற்படையை நீ பைத்தியம் பிடித்துப் படித்தாய். காற்று திரும்பும்வரை கப்பல்கள் நாகப்பட்டினத்தில் காத்துக் கிடந்திருக்கும் என்பாய். "நம்ம லயத்துத் தகரத்தப் பிய்க்கிதே, அதே காத்துதாண்டா." அத்தனை பேருக்கும் குடிதண்ணீரை எதில் கொண்டுபோனார்கள், கடலில் குதிரைக்குத் தலை சுற்றுமா என்றெல்லாம் கேட்டு வாத்தியாரின் உயிரை வாங்கினாய். கல்வெட்டு வெட்டியவன் மேலும் உனக்குக் கோபம் உண்டு. அரசன் பேர் இருக்கிறது, பிடித்த ஊர்களின் பேர் வரிசையாக இருக்கிறது, துடுப்பு வலித்தவன் ஒருத்தன் பேர்கூட இல்லையே என்று.

அந்த வருடக் கோயில் திருவிழாவுக்கு நீதான் நாடகம் போட்டாய். தினமும் காலையில் நம் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்திலேயே கப்பல் கட்டினோம். கடாரத்துக்குப் போகிற கப்பல். சோழர் இலங்கைக்குப் படையெடுத்து வந்த கதையைப் போடலாம் என்று நான் சொன்னதற்கு, "கீழ் ரோட்டுச் சிங்கள ஆளுங்களும் குடும்பத்தோட வர்றாங்க. அவங்க முன்னாடி அதப் போட்டுக் காட்டணுமா?" என்று கேட்டாய். சவுக்குப் பலகையில் துடுப்பு, பழைய தேயிலைப் பெட்டியில் முகப்பு. பன்னிரண்டு பேர் துடுப்புப் போட்டோம், நீ முகப்பில் தளபதியாக நின்றாய். நம்மில் ஒருவன்கூடக் கடலைப் பார்த்ததில்லை.

நாடகம் முடிந்ததும் தேயிலை லொறி ஓட்டிவரும் நீர்கொழும்புக் கடற்கரைக்காரர் உன்னைத் தனியே கூப்பிட்டார். இளசுகள் எல்லோரும் அவருக்கு 'மல்லி', சிங்களத்தில் தம்பி. "மல்லி, எல்லாம் நல்லம். ஆனா துடுப்பு வலிக்கிறது பிழை. வலிக்கிற ஆள் முன்னுக்குப் பாக்கிறது இல்ல, பின்னுக்குத்தான் பாக்கிறது. போற எடம் அவனுக்குத் தெரியாது."

நாங்கள் பன்னிரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டல்லவா வலித்திருந்தோம். இரண்டு நாள் நீ யாரோடும் பேசவில்லை. வெட்கப்படுகிறாய் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்திச் சொன்னாய்: "அப்ப வலிச்சவன் எல்லாரும் கடைசிவரைக்கும் விட்டுட்டு வந்த ஊரத்தான் பாத்துக்கிட்டே போயிருப்பான், இல்ல?"

அடுத்த வருடம் எங்களைத் திருப்பி உட்கார வைத்தாய். ஒத்திகை பார்த்த தோட்டத் தலைவர், பிள்ளைகளின் முதுகைப் பார்க்கவா சனம் வரும் என்று சண்டைக்கு வந்தார். நீ கப்பலையே திருப்பிவிட்டாய். முகப்பு மலைப் பக்கம், பின்புறம் சனத்தின் பக்கம். அந்தக் கப்பல் ஊரைவிட்டுப் போகிற கப்பல் ஆகிவிட்டது. எங்கள் முகங்கள் எல்லாம் எங்கள் அம்மாக்களைப் பார்த்திருந்தன. நான் "கரை தெரியுதா தளபதி?" என்று கத்த வேண்டும், நீ "தெரியுது, வலிங்கடா" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டபோது பெண்கள் பக்கம் அழுகை கிளம்பியது.

உன் அம்மாவுக்கு மட்டும் கோபம். "எல்லாரு புள்ள மூஞ்சியும் தெரியுது. நான் எம்புள்ள முதுகத்தான் பாத்தேன்." நீ சிரித்தாய். "தளபதிக்கு முன்னாலதாம்மா வேல."

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேற்குக் கரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு மீன்பிடி வள்ளம் களவாகப் போகிறது, நமக்கு இரண்டு இடம் இருக்கிறது என்றாய். "தெனமும் பேர் குடுத்துட்டு நிக்க என்னால முடியாதுடா." நானும் வருகிறேன் என்றேன். போன் கொண்டுவரக் கூடாது என்று வள்ளத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டோம். ஹட்டனில் காலையில் கொழும்பு பஸ் ஏறினோம். நீ முன் சீட்டில் உட்கார்ந்து கடலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழியில் கினிகத்தேனையில் தேநீருக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். எனக்குப் பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஹோர்ன் அடித்தபோது கோப்பையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே நின்றேன். பஸ் நகர்ந்த பிறகுதான் ரோட்டுக்கு வந்தேன்.

நீ பின்கண்ணாடிக்கு ஓடி வந்திருந்தாய். நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாகவே நினைத்தாய். சிரித்துக்கொண்டு, பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறி வா என்று கையைக் காட்டினாய். வளைவு வரும்வரைக்கும் காட்டிக்கொண்டே இருந்தாய். நான் தலையை ஆட்டினேன். பிறகு ரோட்டைக் கடந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த வள்ளம் எங்கும் போய்ச் சேரவில்லை. உன் அம்மா வந்து, "ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா தம்பி?" என்று கேட்டபோது, தெரியாது என்றேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர் கேட்டார், நானும் அதையே சொன்னேன். இப்போது நம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிப்பது நான்தான். சோழர் கடற்படைப் பாடம் வந்தால் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன். ஆனாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து "வலிங்கடா" என்று கேட்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நேற்று உன் அம்மா பாயைத் தரையில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே சொன்னார்: "கொழும்புல கடை வேலைன்னு சொல்லிட்டு எறங்குனான். அன்னைக்கும் முதுகத்தான் பாத்தேன். ஒரு வாட்டி திரும்பியிருக்கலாம்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "நான் அவன் மூஞ்சியப் பாத்தேம்மா" என்றேன். கினிகத்தேனையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"சிரிச்சானா?" என்று மட்டும் கேட்டார்.

"சிரிச்சான். அடுத்த பஸ்ல வரச் சொன்னான்."

வெகுநேரம் பாயை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப பஸ் போய் நிக்கிற எடத்துல எறங்கி ஒனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருப்பானே தம்பி" என்றார்.

இத்தனை வருடத்தில் இது என் மண்டையில் ஏறவே இல்லை. உன்னைத் தண்ணீரில்தான் நினைத்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் நிற்கிறவனாக ஒருநாளும் நினைத்ததில்லை.

இன்று காலையில் உன் அம்மாவின் சாமான்களை நான்தான் மேட்டு வீட்டுக்குச் சுமந்தேன். பாயை என்னிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது என் அறையில் இருக்கிறது, அறை முழுக்க அந்த வாடை. கரை தெரிந்ததா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை மட்டும் கேட்கிறேன்: எத்தனை பஸ் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாய்?